வாய்ப்பூட்டுக்கு மேல்

புதிய பதவிக்கு என் தங்கையின் கணவரைப் போட்டார்கள். உத்தரவை நகல் எடுத்து எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. நகல் எடுத்தது நான்.

நகராட்சியின் நாய்ப் பிரிவில் எனக்குப் பதினேழு வருடம். உரிமம், கழுத்து வில்லை, கடிப் புகார், நாயைக் கயிறில்லாமல் விட்டவர்களுக்கு நோட்டீஸ் எல்லாம் என் மேஜையில்தான். மாப்பிள்ளை பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தார். நாயைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். போன வருடம் இன அடையாளப் பயிற்சிக்கு ஆள் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. பத்து நாள், வெளியூரில். அப்போது என் கணவருக்குக் கண் அறுவை. "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொன்னது நான். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்.

பிறகு சட்டம் வந்தது. வேறு ஊரில் ஒரு குழந்தையை நாய் குதறியது. தொலைக்காட்சியில் ஒரு வாரம் அதுதான். எங்கள் மன்றம் கூடி நான்கு இனங்களைத் தடை செய்தது. 'அந்த இனங்களும் அவற்றின் தோற்றம் கொண்ட கலப்பும்' என்று எழுதினார்கள். கூட்டத்துக்கு முன் நான் இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்திருந்தேன். பதினேழு வருடக் கடிப் புகார்களில் அந்த நான்கு இனங்கள் மொத்தம் ஆறு. மடியில் வைத்துக் கொஞ்சும் வெள்ளைக் குட்டை நாய்கள் இருநூற்றுச் சொச்சம். நாள் முழுக்கக் கட்டிப் போட்ட நாட்டு நாய்கள் அதற்கும் மேல். தலைவர் "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

கலப்பு எது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் பதவி. இன அறுதி அலுவலர். படிவத்தில் இருபது அம்சங்கள். தாடைச் சுற்று, மூக்கு அகலம், கால் உயரம், வால் தடிமன் இப்படி. பன்னிரண்டு பொருந்தினால் நாய் தடைக்குள் வரும். பதினான்கு நாள் கூண்டில் இருக்கும். மேல்முறையீடு தோற்றால் கால்நடை மருத்துவர் ஊசி போடுவார்.

மாப்பிள்ளைக்கு முதல் மாடியில் அறை கொடுத்தார்கள். குளிர்சாதனம் இருந்தது. என் களப் பணியாளர் இருவரையும் அவருக்குக் கீழே மாற்றினார்கள். வண்டி இல்லை என்று கொசு மருந்து வண்டியை எடுத்து அதில் கூண்டு பொருத்தினார்கள். மக்கள் என் கண்ணாடித் தடுப்புக்கு வந்து நின்றார்கள்.

"மருந்து வண்டி வந்து ஒரு மாசம் ஆச்சும்மா. எங்க போச்சு?"

"நாய் பிடிக்கப் போயிருக்கு."

"அப்ப கொசுவ யாரு பிடிப்பா?"

கயிறு நோட்டீஸ் கொடுக்க ஆளில்லை. கடிப் புகார்கள் கூடின. கடித்தவை எல்லாம் படிவத்தில் நான்கு புள்ளிகூட வாங்காத நாய்கள்.

தங்கை தினமும் அழைத்தாள்.

"அக்கா, பேப்பர் பாத்தியா? இவரு படம் வந்திருக்கு. பக்கத்துல ஒரு நாய்."

"பாத்தேன்."

"எது இவருன்னு எம்பொண்ணு கேக்குறா, வாலு."

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் யாரோ வெட்டிப் பலகையில் குத்தியிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் கணவருக்கு இது வேடிக்கை.

"சகலை மனுஷங்களையும் அளக்க ஆரம்பிச்சா நான் மாட்டிக்குவேன். கழுத்தே கிடையாது எனக்கு."

"பேசாம சாப்பிடுங்க."

"வயித்தெரிச்சலுக்கு மாத்திரை அலமாரில இருக்கு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

முதல் வாரம் அளவுகளைப் பழைய நீரேற்று நிலையத்தில் எடுத்தார்கள். அதுதான் இப்போது கூண்டுக் கொட்டடி. சாலைக்கு அந்தப் பக்கம், பத்துக் கூண்டுகள். இடம் போதவில்லை என்று இரண்டாம் தேதி முதல் அலுவலக முற்றத்துக்கு மாற்றினார்கள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே.

அன்றுதான் பார்த்தேன். ஒரு பழுப்பு நாயை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். தோல் வாய்ப்பூட்டு போட்டிருந்தது. மாப்பிள்ளை கையுறையோடு குனிந்து டேப்பைத் தாடையைச் சுற்றி வைத்தார். வாய்ப்பூட்டுக்கு மேல். எண்ணைச் சத்தமாகச் சொன்னார். ஒருவர் எழுதிக்கொண்டார். மூக்கு அகலமும் அப்படியே. கன்னமும் அப்படியே.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அது அவருடைய சோம்பல் இல்லை. காப்பீட்டுக்காரர்கள் கேட்டு ஒரு பாதுகாப்புச் சுற்றறிக்கை போட்டிருந்தோம். வாய்ப்பூட்டு இல்லாத நாயைப் பணியாளர் யாரும் தொடக்கூடாது. படிவமோ தாடையை அளக்கச் சொன்னது. மாப்பிள்ளை இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார். இரண்டிலும் ஆணையர் கையெழுத்து இருந்தது. பயிற்சியில் படத்தைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். படத்தில் வாய்ப்பூட்டு இருந்திருக்காது. தடித்த தோல், வார், கொக்கி. சுற்றில் நான்கு சென்டிமீட்டர் கூடும். மூன்று அம்சங்கள் கூடுதலாகப் பொருந்தும். ஒன்பது வாங்க வேண்டிய நாய் பன்னிரண்டு வாங்கும்.

பதினேழு வருடம் நாயைத் தொட்டவளுக்கு அது ஒரு பார்வையில் தெரியும். தொடாதவருக்கு எப்படித் தெரியும்.

மாடிப்படி பதினெட்டுப் படி. ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். "நல்லவேளை சொன்னீங்கக்கா" என்பார். ஒரு திருத்தக் குறிப்பு தயாரிப்பார். கீழே அவர் கையெழுத்து இருக்கும். ஆணையர் அவரைப் பாராட்டுவார். தங்கை என்னை அழைத்து அதைச் சொல்வாள்.

நான் மாடி ஏறவில்லை. அடுத்த நாள் மூன்றாம் தேதி, மதியம் கொட்டடிக்குப் போனேன்.

கூண்டுக் காவலர் முன்பு லாரி ஓட்டியவர். தட்டில் சோறு போடும்போது வாய்ப்பூட்டைக் கழற்றுவார். சுற்றறிக்கையை யாரும் அவரிடம் படித்துக் காட்டவில்லை.

"என்னம்மா, நீங்களும் அளக்க வந்துட்டீங்க?"

"சரிபார்க்கச் சொல்லியிருக்காங்க."

"அளங்க அளங்க. பூட்டு போட்டா எல்லாம் ஒரே மூஞ்சிதான். எனக்கு மாட்டினாலும் பதிமூணு வரும்."

அவர் சும்மா சொன்னார். இவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அன்று ஐந்து நாய்களை அளந்தேன். ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, கூண்டு எண், அவர் எடுத்த அளவு, நான் எடுத்த அளவு, அவர் கொடுத்த புள்ளி, வர வேண்டிய புள்ளி என்று கட்டம் கட்டி எழுதினேன். ஐந்தில் நான்கு தவறு. இன்னும் சேரட்டும் என்று வைத்துக்கொண்டேன். நான்கு தவறு என்றால் கவனக்குறைவு என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆனால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

ஏழாம் கூண்டில் ஒரு காது மட்டும் வெள்ளையாக ஒரு கிழ நாய் இருந்தது. வைத்திருந்தவர்கள் வாடகை வீடு மாறிப் போய்விட்டார்கள். மேல்முறையீடு வரவில்லை. அவர் கொடுத்தது பன்னிரண்டு. என் கணக்கில் ஒன்பது. ஒன்பதாம் தேதி மருத்துவர் வரும் நாள். அன்று காலை நான் மூன்று புது உரிமங்கள் கொடுத்தேன். ஒரு வீட்டுக்காரர் வில்லை துருப்பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்காது என்றேன். மதியம் போனபோது ஏழாம் கூண்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

அந்த வரிக்கு எதிரே '9ஆம் தேதி, ஊசி' என்று எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடு இட்டேன். இதிலிருந்து அவர் தப்ப முடியாது என்று தோன்றியது. அப்போது அது மட்டும்தான் தோன்றியது.

மூன்றாம் கூண்டு நாய் ஒரு தையல்காரருடையது. நான்காம் தேதி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெயர் பட்டன். குட்டியாக இருந்தபோது கோட்டுப் பொத்தான் ஒன்றை விழுங்கியதாம். தையல்காரர் தனி ஆள். கடையும் வீடும் ஒரே அறை. தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து என் தடுப்புக்கு முன்னால் நிற்பார். கழுத்தில் டேப் தொங்கும்.

"பட்டன் சாப்பிடுதாம்மா?"

"சாப்பிடுது."

"மெத்துனு எதாவது கீழ விரிச்சாத்தான் தூங்கும். வெட்டுத்துணி கொஞ்சம் மூட்டை கட்டிக் கொண்டாந்தேன்."

"காவலர்கிட்ட குடுங்க."

நான்காம் நாள் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தாடைச் சுற்று நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்காங்க. எங்க பட்டனுக்கு முப்பத்தெட்டு. மழைக்குத் தலையோட சேத்து ஒரு சட்டை தச்சிருக்கேன். நாலு கூடுனா தலை உள்ளயே போகாதுங்க."

"வளக்குறவங்க எடுத்த அளவ ஏத்துக்க மாட்டாங்க."

"அளவு அளவுதானேம்மா. யாரு எடுத்தா என்ன?"

"எடுத்தவர் பணியாளரா இருக்கணும்."

"பணியாளர் தப்பா எடுத்தா?"

நான் மேஜையிலிருந்த வில்லைகளை எண் வரிசைப்படி அடுக்கத் தொடங்கினேன்.

"மேல்முறையீடு போடுங்க" என்றேன்.

போட்டார். மாப்பிள்ளை அதை ஒதுக்கவில்லை. நேர்மையாக மறு அளவு எடுத்தார். அதே முற்றம், அதே வாய்ப்பூட்டு. அதே நாற்பத்திரண்டு. பதினாறாம் தேதி முடிவு வந்தது. ஊசி பதினெட்டாம் தேதி.

பதினேழாம் தேதி மதியம் தையல்காரர் வந்தபோது கழுத்தில் புது டேப் இருந்தது.

"பழசத் தூக்கிப் போட்டுட்டேன்மா" என்றார். "ரெண்டு தடவை அளந்து ரெண்டு தடவையும் நாப்பத்திரெண்டுன்னா என் டேப்புதானே இழுத்துக்கிட்டிருக்கணும். இருவத்தஞ்சு வருஷமா ஊருக்கே தப்பாத் தச்சிக் குடுத்திருக்கேன் போல. ஒருத்தரும் சொல்லலை பாருங்க."

கேலியாகச் சொல்ல முயன்றார். முடியவில்லை. தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் கூட இருக்கலாமா? தலையப் பிடிச்சிக்குறேன்."

"கேட்டுச் சொல்றேன்."

முந்தின நாள் மாலை தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து நகராட்சிகள் ஐந்திலும் இதே சட்டம் வரப் போகிறது, பயிற்சி கொடுக்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். "எல்லாம் நீ அனுப்பி வெச்ச நேரம்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உடம்பு எரிந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் ஐந்து ஊர்களின் முன்னால் விழுவார் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் போன பிறகு கொட்டடிக்குப் போனேன். மூன்றாம் கூண்டை ஏற்கெனவே மூன்று தடவை அளந்திருந்தேன். டேப்பைப் பையிலிருந்து எடுத்ததும் பட்டன் எழுந்து வந்து தலையைக் கம்பிக்கிடையில் நீட்டியது. அளவு கொடுத்துப் பழகிய நாய். முப்பத்தெட்டு.

"இதுக்கு நாளைக்கு" என்றார் காவலர். பட்டனைப் பார்க்காமல் சொன்னார். "நான் லீவு கேட்டிருக்கேன்."

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். நேராக ஆணையரிடம் போய் வாயால் சொன்னால் போதும். வாய்ப்பூட்டோடு அளக்கிறார்கள் மேடம், கழற்றி அளந்து பாருங்கள். அவ்வளவுதான். பட்டன் வீட்டுக்குப் போய்விடும். ஆனால் வாயால் சொன்னால் அது ஒரு யோசனை. நோட்டில் இருந்தால் குற்றச்சாட்டு.

நோட்டில் தேதிகள் இருந்தன. ஒரு புது நோட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் பதினேழாம் தேதி என்று போட்டு நகல் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி ஓடியது. ஏழாம் கூண்டு வந்தபோது பேனா நின்றது. செத்த நாயைப் பதினேழாம் தேதி அளந்ததாக எழுத முடியாது. அதை விட்டுவிட வேண்டும். விட மனம் வரவில்லை. பதினொரு வரிகளில் அவரை உண்மையில் சாய்க்கக்கூடியது அந்த ஒன்றுதான். புது நோட்டை மூடிவிட்டுப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

ஆணையர் அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு நோட்டைப் படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் தொலைபேசியை எடுத்து நாளைய ஊசிகளை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளையையும் வரச் சொன்னார். பிறகு இரண்டாம் பக்கம் போனார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இது எப்ப அளந்தது?"

"மூணாம் தேதி மேடம்."

"இன்னைக்கு என்ன தேதி?"

"பதினேழு."

"ஒம்பதாம் தேதி ஏழாம் கூண்டு." சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

அந்த வரியை நான் நூறு தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதில் அவர் பெயரை மட்டும்தான் படித்தேன்.

"தெரியும்" என்றேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஆணையர் நோட்டை அவர் பக்கம் தள்ளினார். நின்றபடியே படித்தார். கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். ஏழாம் கூண்டில் விரல் நின்றது. முகத்தில் இரத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இரண்டு வாரம் காத்திருந்தேன். பார்த்தேன்.

"என் தப்புதான் மேடம்" என்றார். "பூட்டோட அளந்தா கூடும்னு எனக்குத் தோணவே இல்ல. இதுவரைக்கும் போட்ட எல்லாப் படிவத்தையும் ரத்து பண்ணணும். நானே எழுதித் தர்றேன். அந்த ஏழாம் கூண்டுக்காரங்க எங்க போனாங்கன்னு விசாரிச்சு நேர்ல போய்ச் சொல்றேன்."

ஆணையர் நோட்டைத் திரும்ப வாங்கி மூடினார். மூன்று வாரம் பதவியில் இருந்தவரைக் கத்துக்குட்டி என்று எழுதி முடித்துவிடலாம். பதினேழு வருடம் இருந்தவளை அப்படி எழுத முடியாது. என்னைப் பார்த்து, "விளக்கக் கடிதம் நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும்" என்றார்.

வெளியே நடையில் மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வைத்திருந்தேன். பயிற்சி, படிவம், அறை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் காத்திருந்தார். நான் இறங்கிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி காலை தையல்காரர் தலையைப் பிடித்துக்கொள்ள வந்தார். கொட்டடி வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். விடுவிப்பு உத்தரவைக் கொடுத்தார். தையல்காரர் அதை இரண்டு தடவை படித்தார். காவலர் லீவு எடுக்கவில்லை. பட்டனைக் கயிற்றோடு கொண்டுவந்து கையில் கொடுத்தார். தையல்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் காதை நக்கியது.

விளக்கக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கொட்டடிச் சாவியை ஒப்படைக்க நான் அங்கே போயிருந்தேன். கடிதம் முடிவாகும்வரை எனக்குக் கொட்டடியில் வேலை இல்லை. நாய்ப் பிரிவும் சேர்த்து மாப்பிள்ளை பார்ப்பார்.

தையல்காரர் அவரைக் கும்பிட்டார். "சாமி மாதிரி வந்தீங்க சார்."

"என்னக் கும்பிடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. "தப்பா அளந்ததே நான்தான். கண்டுபிடிச்சது இவங்க." என்னைக் காட்டினார்.

தையல்காரர் எழுந்து என் பக்கம் வந்தார். கண் துடைக்கக்கூட இல்லை.

"டேப்பு தப்பில்லையா அப்ப?"

"இல்ல."

"நான் தினம் வந்து நின்னேனே, அப்பவே எதாவது தெரிஞ்சுதாம்மா? எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

சும்மாதான் கேட்டார். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நேத்துதான்" என்றார் மாப்பிள்ளை. "நேத்து மதியம்தான் பாத்தாங்க. பாத்த உடனே மாடிக்கு ஓடி வந்தாங்க."

தையல்காரர் என்னைக் கும்பிட்டார். பட்டன் என் பையை முகர்ந்துவிட்டுக் கழுத்தை நீட்டி நின்றது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சாவிக்காகக் கையை நீட்டியிருந்தார். எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு அந்த மனிதர் எவ்வளவு நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார் என்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சாவியை அவர் கையில் கொடுக்காமல் காவலர் கையில் கொடுத்தேன்.